மிளகாய் விதையில் மறைந்து வரும் நோய்

இராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விவசாயியின் கைக்கு ரொக்கம் தரும் பயிர் மிளகாய் ஆகும். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை முதல் பங்குனி வரையில் பழம் பறிக்கின்றோம். வீட்டுக் கல்யாணம், பிள்ளைகளின் படிப்பு, கடன் தவணை ஆகிய யாவும் வற்றல் விற்ற பணத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. இத்தகைய பயிரின் நிறத்தையும் விலையையும் ஒருங்கே கெடுப்பது, நுனிக்கருகல் எனவும் பழ அழுகல் எனவும் வழங்கும் நோயாகும்.

இது புதிதாக வந்த நோயன்று. கோயம்புத்தூரில் கிடைத்த மாதிரியைக் கொண்டு சைடோ என்னும் அறிஞர் 1913-ஆம் ஆண்டிலேயே இதனை உண்டாக்கும் பூசணத்தைப் பற்றி எழுதியிருக்கின்றார். இப்பூசணத்தைக் கொலட்டோட்ரைக்கம் என்பர். நூறாண்டுகளுக்கு மேலாக நம்மிடையே இருந்தும் இது ஒழியாமைக்குக் காரணம் யாது? ஒவ்வோர் ஆண்டும் நாமே இதனை விதையோடு சேர்த்து விதைத்துவிடுவதே முதற் காரணம்.

நோயின் அடையாளங்கள்

முதலில் பூக்கள் காய்ந்து உதிரும். பின்னர் இளங்கிளையின் நுனி கருகி, கருகல் மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும். காய்ந்த கிளை நாளடைவில் சாம்பல் கலந்த வெண்ணிறம் அடையும். அதன்மீது கரும்புள்ளிகள் தூவியது போலத் தோன்றும்.

பழத்தில் நோய் வேறு விதமாகத் தெரியும். சிவந்த பழத்தின் மேல் சிறிய, வட்டமான, சற்றே குழிந்த கரும்புள்ளி உண்டாகி, நீளவாக்கில் விரியும். உள்ளே வளையத்துக்குள் வளையமாகக் கரும்புள்ளிகள் அமைந்திருக்கும். பழத்தைப் பிளந்து பார்த்தால், விதைகளின்மேல் பூசண இழை படர்ந்து, அவை துருவேறிய நிறம் கொண்டிருப்பதைக் காணலாம். இப்பழம் காய்ந்தால் வைக்கோல் நிறமாக வெளுத்துவிடும். சந்தையில் இதனைச் சண்டு வற்றல் என்று ஒதுக்கி விடுவர்.

கடும் வெயில் பட்ட பழமும் வெளுப்பதுண்டு. தொடக்கத்தில் அவ்வெளுப்பில் கரும்புள்ளி வளையங்கள் இரா. இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டால் வீண் மருந்துச் செலவு குறையும்.

நோய் பரவும் விதம்

கரும்புள்ளி ஒவ்வொன்றும் அரிவாள் போல் வளைந்த எண்ணற்ற வித்துக்களைத் தாங்கி நிற்கின்றது. கண்ணுக்குத் தெரியாத இவ்வித்துக்கள் பசை போன்ற பொருளில் ஒட்டியிருப்பதால், மழைத்துளி தெறித்தே பெரும்பாலும் பரவுகின்றன. ஏறத்தாழ 28 பாகை வெப்பமும் மிகுந்த ஈரமும் கூடினால் நோய் விரைந்து பெருகும். மழை நின்ற பின்னும் மார்கழிப் பனி இலையையும் காயையும் நெடுநேரம் நனைத்து வைத்திருப்பதால், நமது பகுதியில் இந்நோய்க்கு இடம் மிகுதி.

இன்னொன்றும் கருதத்தக்கது. பச்சைக் காயில் புகுந்த பூசணம் வெளியே தெரியாமல் பதுங்கியிருந்து, காய் பழுக்கும் பொழுதே புள்ளியாக வெளிப்படும். ஆகவே, பழத்தில் புள்ளி கண்ட பின்னர் மருந்து தெளிப்பவர், திருடன் போன பின் கதவை அடைப்பவர் ஆவார்.

விதையே முதற் காவல்

வற்றல் மூட்டையின் அடியில் உதிர்ந்து கிடக்கும் விதையை எடுத்து விதைக்கும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. செலவில்லை என்பதே அவர்கள் கூறும் நியாயம். ஆனால், அழுகல் கண்ட வற்றலின் தோல் எளிதில் நொறுங்கும். அதன் விதைதான் முதலில் உதிரும். எனவே, அடிமூட்டை விதையில் நோய் விதை கூடுதலாகக் கலந்திருக்கும்.

விதைக்கு வேண்டிய பழத்தை வயலிலேயே தேர்ந்தெடுத்தல் வேண்டும். கருகல் இல்லாத செடிகளை அடையாளமிட்டு, அவற்றின் புள்ளியற்ற, முற்றச் சிவந்த பழங்களைத் தனியே பறித்து, தனியே உலர்த்த வேண்டும். நாற்று விட்டு நடுவதற்கு ஓர் ஏக்கருக்கு 400 கிராம் விதை போதும். இதற்குச் சில கிலோ நல்ல வற்றலை ஒதுக்குவது எவருக்கும் இயலாத காரியமன்று.

விதைப்பதற்கு முன் 100 விதைகளை ஈரச் சாக்கில் வைத்து முளைப்பைப் பார்த்தல் நலம். இரண்டு வாரத்தில் 60 விதைகளேனும் முளைக்க வேண்டும்.

விதை நேர்த்தி

ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து விதைக்கலாம். இவ்வுயிர் மருந்துகளோடு இரசாயனப் பூசணக்கொல்லியைச் சேர்த்துக் கலக்கலாகாது. 400 கிராம் விதைக்கு 4 கிராம் சூடோமோனாஸ் போதுமென்றால், இதன் செலவு எத்துணைச் சிறிது என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். எனினும், விதையின் உட்புறம் வரை சென்றுவிட்ட பூசணத்தை மேற்பூச்சு முற்றிலும் அழிப்பதில்லை. எனவேதான் தேர்வை முதலிலும் நேர்த்தியைப் பின்னும் வைத்தோம்.

வயலில் செய்ய வேண்டியவை

கருகிய கிளைகளையும் அழுகிய பழங்களையும் அப்போதைக்கப்போது அகற்றி எரிக்க வேண்டும். அறுவடைக்குப் பின் காய்ந்த மாரை வரப்பில் குவித்து வைத்தால், அடுத்த போகத்துக்கும் நோய் அங்கேயே காத்திருக்கும். மிளகாய்க்குப் பின் மிளகாயோ, தக்காளியோ, கத்தரியோ பயிரிடாமல் சோளம், கம்பு முதலியவற்றை மாற்றிப் பயிரிடுதல் நன்று.

நுனிக்கருகல் தொடங்கியவுடன், ஒரு லிட்டர் நீருக்கு மான்கோசெப் 2 கிராம் அல்லது காப்பர் ஆக்ஸிகுளோரைடு 2.5 கிராம் வீதம் கலந்து, 15 நாட்களுக்கு ஒரு முறையாக மூன்று முறை தெளிக்கலாம். தெளித்த பின் பறிப்பதற்கு விட வேண்டிய இடைவெளியை மருந்துப் பெட்டியின் சீட்டில் பார்த்துக் கடைப்பிடித்தல் அவசியம்.

பறித்த பழத்தை வெறும் மண்ணில் பரப்பாமல், களத்திலோ தார்ப்பாயிலோ உலர்த்தி, இரவுப் பனி படாமல் மூடி வைக்க வேண்டும். நோய்ப் பழத்தை உலர்த்துமுன்னரே பிரித்தெடுத்தல் வேண்டும்.

பஞ்சாயத்தார் கவனத்துக்கு

ஒரு விவசாயி தம் வயலைத் தூய்மையாக வைத்தும் அடுத்த வயலில் நோய்ச்செடி நின்றால் பயன் குறையும். எனவே இது ஊர் சேர்ந்து செய்ய வேண்டிய பணி. கிராம சபைக் கூட்டங்களின் நாட்களே இதற்கு ஏற்றவையாக அமைந்துள்ளன. ஜனவரி 26-இல் விதைச்செடிகளை அடையாளமிடுவது பற்றியும், மார்ச் 22-இல் மாரை அகற்றுவது பற்றியும், ஆகஸ்ட் 15-இல் விதை நேர்த்தி பற்றியும் பேசி முடிவு செய்யலாம். வேளாண்மை, தோட்டக்கலை அலுவலர்களை அந்நாட்களில் அழைத்துச் செய்முறை காட்டச் சொல்லலாம். பொதுவான உலர்களம் இல்லாத ஊர்களில் அதற்கான கோரிக்கையையும் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம்.

மழையும் பனியும் நம் கையில் இல்லை. விதையோ நம் கையில் இருப்பது. வரும் பறிப்பிலேயே ஒவ்வொரு குடும்பமும் ஒரு கூடை நல்ல பழத்தை விதைக்கென்று ஒதுக்கி வைக்குமாயின், அடுத்த தையில் களத்தில் காயும் வற்றல் சிவப்பாகவே காயும்.