'மை' ஈற்றுப் பண்புப்பெயர்களும் வழக்கும்

பண்புணர்த்தும் பெயர்கள் பிற சொற்களினின்று தோன்றும் வகையுள் 'மை' ஈறு பெறுதல் தலையாயது. கருமை, செம்மை என்பன கரு, செம் என்னும் அடிகளினின்றும், ஆண்மை, தலைமை என்பன பெயர்களினின்றும் அவ்வாறு அமைந்தன. இவ்வீற்றுச் சொற்களுட் சில, பண்பை விட்டுப் பண்புடைய பொருளையே குறிக்க நிற்றலை ஈண்டு ஆராய்வாம்.

'கிழமை' என்பது கிழவன், கிழத்தி என்பவற்றோடு ஓரடியிற் பிறந்து உரிமையை உணர்த்துவது. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தொல்காப்பியர் இச்சொல்லாற் குறித்தார். ஞாயிற்றுக்கு உரியது ஞாயிற்றுக்கிழமை என நின்று, பின்னர் உரிமைப்பொருள் மறைய, கிழமை என்பது நாளுக்கே பெயராயிற்று.

'அடிமை'யும் அத்தகையது. அது தொண்டையும் ஆட்பட்ட தன்மையையும் உணர்த்தும், ஆட்பட்டவனையும் உணர்த்தும். இன்றைய வழக்கில் பின்னதே மிகுந்தது. அதனால், திருச்சிராப்பள்ளியில் எம் வகுப்பு மாணவர் ஒருவர், திருவாய்மொழி மூன்றாம் பத்தில் வரும் 'அடிமை செய்தல்' என்னும் தொடருக்குப் பிறரை அடிமையாக்குதல் எனப் பொருள் கொண்டார். காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில், 13-ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை உரைத்தவற்றை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்திய ஈட்டுரையோ அதனைக் கைங்கரியம் எனவே கொள்ளும். ஆக்குதற்பொருளுக்கு 'அடிமைப்படுத்தல்' என்னும் வேறு சொல் உண்டு.

ஆகவே, ஈற்றைப் பிரித்துக் காட்டுதலோடு அமையாது, அச்சொல் அவ்விடத்துப் பண்பில் நின்றதோ பொருளிற் சென்றதோ என நோக்கிய பின்னரே பொருள் துணிதல் முறையாம். இன்றேல், தொண்டு செய்ய விழைந்தார் கூற்று, பிறரை ஆள விழைந்தார் கூற்றாய் முடியும்.