உதிரிப் பாகம் வராவிட்டால்?

ஒரு நாடு வெளிநாட்டிலிருந்து போர் விமானங்களை வாங்கியதாகச் செய்தித்தாளில் படிக்கிறோம். எத்தனை விமானங்கள், எத்தனை கோடி, எவ்வளவு வேகம் என்ற விவரமெல்லாம் அச்செய்தியில் இருக்கும். அவ்விமானங்களை அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பறக்கும் நிலையில் வைத்திருப்பது எப்படி என்பது பற்றி மட்டும் ஒரு வரிகூட இராது. வாங்கிய நாட்டின் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. விமானத்தை ஒருமுறை வாங்கினால் போதும். அதன் உதிரிப் பாகங்களையோ அது பறக்கும் காலமெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விற்றவர் ஒருநாள் "இனித் தரமாட்டோம்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஈரான் நாட்டின் அனுபவம் இக்கேள்விக்கு விடை தருகிறது.

ஈரான் வாங்கிய எஃப்-14

அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம் அந்நாட்டுக் கடற்படைக்காக எஃப்-14 'டாம்கேட்' என்னும் விமானத்தை உருவாக்கியது. பறக்கும்போதே அதன் இறக்கைகளை 20 டிகிரியிலிருந்து 68 டிகிரி வரை பின்னோக்கி மடக்கலாம். அதன் ராடார் ஒரே சமயத்தில் 24 இலக்குகளைக் கவனித்து, அவற்றில் ஆறின்மீது ஏவுகணைகளைச் செலுத்தவல்லது. இத்தகைய விமானங்கள் எண்பதை வாங்க, ஷா மன்னரின் ஆட்சிக் காலத்தில், 1974-இல் ஈரான் ஏற்பாடு செய்தது. 1976 முதல் 1978 வரை 79 விமானங்கள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவைத் தவிர வேறு எந்த நாடும் இவ்விமானத்தை வாங்கியதில்லை.

1979-இல் ஈரானில் புரட்சி வெடித்தது. ஷா நாட்டைவிட்டு வெளியேறினார். விமானங்களைப் பராமரிக்க உதவிவந்த அமெரிக்கத் தொழில்நுட்பப் பணியாளர்களும் ஊர் திரும்பினர். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டதும் உதிரிப் பாகங்கள் வருவது நின்றது. எண்பதாவது விமானம் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஈராக் படையெடுத்தது. கையில் 1970-களின் தலைசிறந்த விமானங்களுள் ஒன்று. கிடங்கில் இருப்பதோ வரம்புக்குட்பட்ட சரக்கு. எதிரே எட்டாண்டுப் போர். ஈரானியப் பொறியாளர்கள் முன் நின்ற கணக்கு இதுதான்.

ஏன் இத்தனை பாகங்கள் தேவை?

பேருந்து நடுவழியில் பழுதானால் ஓரமாக நிறுத்திவிடலாம். விமானத்தை அவ்வாறு நிறுத்த முடியாது. ஆகவே ஒரு பாகம் கெடும்வரை காத்திராமல், கெடுவதற்கு முன்பே அதை மாற்றிவிடுவது விமானத் துறையின் விதி. ஒவ்வொரு முக்கியப் பாகத்திற்கும் ஓர் ஆயுள் குறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் பாகங்களுக்கு அது ஓடிய மணிகளிலும், சூடேறி ஆறிய தடவைகளிலும் கணக்கிடப்படும். சக்கரக் கால்களுக்குத் தரையிறங்கிய தடவைகளே கணக்கு.

இதற்குக் காரணம் உலோகச் சோர்வு. ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடிவதில்லை. இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடுகிறது. விமானம் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இறக்கையின் அடிப்பகுதி இவ்வாறே வளைந்து நிமிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று தோன்றி மெல்ல வளர்கிறது. அது எல்லை கடப்பதற்குள் பாகத்தை மாற்றியாக வேண்டும்.

பறக்காமல் கிடங்கில் வைத்திருந்தாலும் சில பாகங்கள் முதுமையடையும். எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகி வெடிக்கும். ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே வீசும் வெடித்தோட்டாக்களுக்கு, மருந்துப் புட்டியில் இருப்பதுபோல், காலாவதித் தேதி உண்டு. ஆகவே பத்தாண்டுக்குத் தேவையானதை முன்கூட்டியே வாங்கிக் குவித்துவைப்பதும் முழுத் தீர்வாகாது.

இனி ஒரு சிறு கணக்கு. விமானம் பறக்க நூறு முக்கியப் பாகங்கள் வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொரு பாகமும் நூற்றுக்கு 99 தடவை நல்ல நிலையில் கிடைக்கிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறும் ஒரே சமயத்தில் நல்ல நிலையில் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 0.99-ஐ நூறு முறை பெருக்கிப் பாருங்கள். விடை ஏறத்தாழ 0.37. அதாவது நூறு விமானங்களில் 37 மட்டுமே பறக்கும்! விலையில் மிகச் சிறியதான ஒரு பாகம் வராமற்போனாலும் விமானம் தரையில்தான் நிற்கும்.

ஒன்றைப் பிரித்து ஒன்பதைப் பறக்கவைத்தல்

நெருக்கடியில் முதலில் கைக்கொள்ளும் வழி, ஒரு விமானத்தைப் பிரித்து மற்றவற்றுக்குப் பாகம் கொடுப்பது. பத்து விமானங்களில் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பாகம் ஒன்று பழுதாகியிருந்தால் பத்தும் பறக்கா. அவற்றுள் ஒன்றைப் பலியிட்டால் ஒன்பது பறக்கும். ஈரான் இம்முறையை நெடுங்காலம் கையாண்டது.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. வேகமாகத் தேயும் பாகம் எல்லா விமானங்களிலும் வேகமாகவே தேயும். பத்து விமானங்களிலும் ஒரே எண்ணெய்ப் பம்பு தேய்ந்துவரும்போது, பலியான விமானம் தன்னிடம் உள்ளதைத்தான் தர முடியும்; அதுவும் ஏற்கெனவே தேய்ந்த ஒன்று. மேலும், ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டிய பாகத்தை இருமுறை கழற்றி மாட்ட நேர்கிறது. கழற்றும்போதே மறைகள் கெடுவதும் இணைப்புகள் முறிவதும் உண்டு.

பார்த்துச் செய்ய முடியாதா?

"பழைய பாகத்தை அளந்து, அதேபோல் புதிதாகச் செய்துகொள்ளலாமே!" என்று வாசகர்கள் கேட்கலாம். சிலவற்றைச் செய்யலாம், சிலவற்றைச் செய்ய இயலாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம்.

எளியதாகத் தோன்றும் ஒரு தண்டை எடுத்துக்கொள்வோம். அளந்து பார்த்தால் விட்டம் 24.98 மில்லிமீட்டர். புதிதாக இருந்தபோது அது எவ்வளவு? 25 மில்லிமீட்டரா, 24.99-ஆ? எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் ஏற்கலாம் என்று வரைபடம் கூறியது? அளவுகோல் இதற்கு விடை சொல்லாது. தலைமயிரின் தடிப்பைவிடச் சிறிய இந்த வேறுபாட்டில்தான், தண்டு சரியாகச் சுழலுமா, சூடேறி இறுகிவிடுமா என்பது இருக்கிறது. வடிவம் பாகத்திலேயே தெரிகிறது. அதன் அனுமதி எல்லை வரைபடத்தில் மட்டுமே இருக்கிறது.

அளவை ஊகித்துவிட்டாலும் உலோகம் இருக்கிறது. எஃப்-14-இன் மடங்கும் இறக்கைகள் இரண்டையும் தாங்குவது நடுவிலுள்ள டைட்டேனியப் பெட்டி. டைட்டேனியம் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி நொறுங்கும் தன்மையடையும். எனவே அப்பெட்டியை வெற்றிட அறைக்குள் எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைத்தார்கள். இத்தகைய வேலை சாதாரணப் பட்டறையில் நடக்காது.

இன்னும் கடினமானவை எஞ்சினின் டர்பைன் இதழ்கள். விசிறி இறக்கை போன்ற இச்சிறு இதழ்கள் பழுக்கக் காய்ந்த வாயுவின் நடுவே சுழல்கின்றன. இக்கால எஞ்சின்களில் வாயுவின் வெப்பம் இதழின் உலோகம் உருகும் வெப்பத்தையே தாண்டும். இதழுக்குள் நுண்ணிய துளைகள் வழியாகக் காற்றைச் செலுத்திக் குளிர்விப்பதால்தான் அது உருகாமல் நிற்கிறது. சுழற்சி வேகம் ஒவ்வோர் இதழையும் டன் கணக்கான விசையுடன் வெளிநோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பில் இதழ் மெல்ல மெல்ல நீளும். நிக்கலுடன் எந்தெந்த உலோகத்தை எவ்வளவு கலப்பது என்பதைச் சோதனைக்கூடத்தில் பகுத்தறியலாம். ஆனால் எவ்வாறு வார்த்தார்கள், எவ்வளவு நேரம் சூட்டில் வைத்து ஆற்றினார்கள் என்பதை இதழ் தானாகச் சொல்லாது. அங்கேதான் அதன் வலிமை இருக்கிறது.

ஈரான் தன்னால் இயன்ற பாகங்களை உள்நாட்டிலேயே செய்தது. ஏவுகணைகள் தீர்ந்துவந்தபோது, தரையிலிருந்து ஏவும் 'ஹாக்' ஏவுகணையை விமானத்தில் பொருத்தவும் முயன்றது. 1985-86-இல் அமெரிக்காவே இரகசியமாக ஈரானுக்குத் தாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளையும், ஹாக் ஏவுகணைக்கான உதிரிப் பாகங்களையும் விற்றது 1986 நவம்பரில் வெளியாகிப் பெரும் புயலைக் கிளப்பியது. உதிரிப் பாகம் எத்தகைய பேரப் பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2006-இல் அமெரிக்கக் கடற்படை எஃப்-14-க்கு ஓய்வு கொடுத்தது. அதன் பாகங்கள் எப்படியாவது ஈரானை அடைந்துவிடும் என்று அஞ்சி, 2007-இல் அவற்றின் விற்பனையை நிறுத்தி, பழைய விமானங்களைத் துண்டுதுண்டாக நறுக்கினார்கள். அதன் பின்னரும் ஈரான் சில எஃப்-14-களைப் பறக்கவைத்திருந்தது. 2025 ஜூனில் இஸ்ரேல் நடத்திய தாக்குதலில் தரையில் நின்றவற்றுள் சில அழிந்தன.

சான்று என்னும் பாகம்

கள்ளச் சந்தையில் கிடைக்கும் பாகம் கண்ணுக்கு அசலைப் போலவே இருக்கும். அது எத்தனை மணி ஓடியது, எங்கே கிடந்தது என்பதற்கு மட்டும் ஏடு இராது. உள்நாட்டில் செய்த பாகமும் சோதனையில் தேறும்வரை வெறும் உலோகத் துண்டுதான். சோதனை மேடையில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தியும் சூடாக்கியும் பார்த்த பின்பே அதற்கு ஆயுள் குறிக்க முடியும். அவசரத்தில் இதைச் சுருக்கினால் விலை கொடுப்பவர் விமானி. நம் நாட்டில் இத்தகைய தகுதிச் சான்றை வழங்குவது பெங்களூரிலுள்ள 'செமிலாக்' என்னும் அமைப்பு.

நம் நாட்டின் பாடம்

இத்தொல்லை நமக்கும் புதிதன்று. 1963-இல் நம் விமானப் படையில் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-இல்தான் ஓய்வுபெற்றது. உரிமம் பெற்று நாசிக்கில் அதை நாமே கட்டினோம். எஞ்சினைக் கோராபுட்டில் செய்தோம். இருந்தும் 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது உதிரிப் பாகங்களுக்குத் திண்டாடினோம். பாகம் செய்த ஆலைகள் பல நாடுகளுக்குப் பிரிந்துபோயிருந்தன. ஈரானுக்குப் பகையால் நேர்ந்தது நமக்கு நண்பரின் வீழ்ச்சியால் நேர்ந்தது.

மூன்றாவது காரணமும் உண்டு; தயாரித்தவரே தயாரிப்பை நிறுத்திவிடுவது. ஜாகுவார் விமானத்தைப் பிரான்சும் பிரிட்டனும் கைவிட்ட பின்னும் நாம் பறக்கவிட்டோம். எனவே பிற நாடுகளில் ஓய்வுபெற்ற ஜாகுவார்களைத் தேடிப் பாகங்களுக்காகப் பெற ஏற்பாடு செய்தோம். இதோடு நின்றுவிடவில்லை. ஜாகுவாரின் அடூர் எஞ்சினுக்கு வேண்டிய டைட்டேனிய வட்டுகளை 2000 டன் அழுத்தப் பொறியில் உருவாக்கும் முறையை ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம் கண்டறிந்ததாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. சுகோய்-30 விமானத்திற்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நிறுவனம் டயர் செய்து தருகிறது. டயரிலிருந்து எஞ்சின் வட்டு வரை, எளியதிலிருந்து கடினமானதற்கு ஏறும் படிகள் இவை.

உச்சிப் படி இன்னும் எட்டவில்லை. நாமே வடிவமைத்த தேஜஸ் விமானத்திலும் எஞ்சின் அமெரிக்காவினுடையது. 2021-இல் கேட்ட 99 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது; விமானங்களும் அதற்கேற்பத் தாமதமாயின.

ஆகவே விமானம் வாங்கும் நாளிலேயே மூன்று பட்டியல்கள் தயாராக வேண்டும். உடனே நாமே செய்யத்தக்க பாகங்கள் எவை? முயன்றால் சில ஆண்டுகளில் செய்யத்தக்கவை எவை? வெளியிலிருந்து வந்தே தீரவேண்டியவை எவை? முதல் இரண்டிற்கும் வரைபடங்களையும் உலோகச் செய்முறையையும் சோதனை விதிகளையும் ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறவேண்டும்; மூன்றாவதற்கு, கெடாத பாகங்களாயின் கிடங்கில் சேர்த்துவைக்க வேண்டும். நட்பு நன்றாக இருக்கும்போது இவற்றைக் கேட்டால்தான் கிடைக்கும். ஈரான் கேட்க நினைத்தபோது, எதிரில் பேச ஆள் இல்லை.