மரையாணியின் தலையிலுள்ள எண்



இரும்புச் சாமான் கடையொன்றுக்குச் சென்று, "அரை அங்குலப் போல்ட் நான்கு தாருங்கள்" என்று கேட்கிறோம். கடைக்காரர் பெட்டிக்குள் கையை விட்டு நான்கை எடுத்துத் தருகிறார். பருமன் சரியா, நட்டு ஏறுகிறதா என்று பார்ப்பதோடு நமது ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. அது எந்த உலோகத்தாலானது, எவ்வளவு இழுவையைத் தாங்கவல்லது என்று வினவுவோர் மிகச் சிலரே. வேலிப் படலைக்கு மாட்டுவதாயின் அதனாற் பெருங்கேடு ஒன்றும் விளைந்துவிடாது. ஆனால், பாரந்தூக்கும் இயந்திரத்திலோ, கொதிநீராவி செல்லும் குழாயின் இணைப்பிலோ, கடலிற் செல்லும் இயந்திரப் படகிலோ அதே ஆணியைப் பூட்டுவோமாயின், அந்த வினாவைக் கேளாமல் விட்டதன் பயனை ஒருநாள் அனுபவிக்க நேரிடும்.

போல்ட் என்பதை மரையாணி என்றும் நட்டு என்பதைச் சுரை என்றும் இப்பேச்சில் வழங்குவேன். மரையாணி இரண்டு தகடுகளினூடே செருகிய வெறும் முளை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு வில். சாவியால் சுரையை இறுக்கும்போது ஆணியின் உடல் கண்ணுக்குப் புலனாகாத அளவு நீளுகிறது. நீண்ட உருக்கு மீண்டும் சுருங்க முயல்கிறது. அம்முயற்சியே தகடுகளை ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருக்கிறது. போதிய அளவு இறுக்கப்படாத ஆணி, இயந்திரத்தின் ஒவ்வோர் அதிர்விலும் இழுபட்டுத் தளர்ந்து, நாளடைவில் களைப்புற்று முறியும். எனவே, இறுக்குவதற்கு இடங்கொடுக்கும் வலிமை ஆணிக்கு இருத்தல் வேண்டும். அந்த வலிமை எவ்வளவு என்பதை ஆணியின் தலையே நமக்குச் சொல்கிறது.

மில்லிமீற்றர் அளவில் அமைந்த உருக்கு மரையாணியின் தலையை உற்றுப் பாருங்கள். 8.8 என்றோ 10.9 என்றோ எண் பொறித்திருக்கும். முதலெண்ணை 100 ஆற் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீற்றருக்கு எத்தனை நியூற்றன் இழுவையில் அது அறும் என்பது கிடைக்கும். 8.8 ஆயின் 800. பழைய கணக்கிற் கூறின் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 52 தொன். புள்ளிக்குப் பின்னுள்ள எண், அந்த வலிமையிற் பத்தில் எத்தனை பங்கு வரை இழுத்தாலும் ஆணி நிரந்தரமாக நீளாது என்பதைக் காட்டும். 800 இல் பத்தில் எட்டுப் பங்கு 640. அந்த எல்லையைத் தாண்டினால் வில் வில்லாக இராது. நீண்டது நீண்டதாகவே கிடக்கும்.

இதனை ஓர் உதாரணத்தாற் பார்ப்போம். 12 மில்லிமீற்றர்ப் பருமனுள்ள 8.8 ஆணி ஏறத்தாழ ஆறே முக்கால் தொன் இழுவையில் அறும். அதே பருமனுள்ள 4.6 ஆணிக்கு அதிற் பாதியே போதும். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது, நிறையும் ஒன்றே. 4.6 என்பது காபன் குறைந்த மென்னுருக்கு. 8.8 என்பது நடுத்தர அளவு காபன் சேர்ந்த உருக்கைப் பழுக்கக் காய்ச்சிச் சடுதியாகக் குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தியது. கொல்லன் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதும் இதே வித்தைதான். 10.9, 12.9 ஆகியவற்றுக்குக் குரோமியம், மொலிப்டினம், போரன் முதலியன சிறிதளவு கலந்த உருக்குகள் உதவுகின்றன.

சுரைக்கும் எண் உண்டு. 8.8 ஆணிக்கு 8 என்ற சுரையும், 10.9 ஆணிக்கு 10 என்ற சுரையும் பொருந்தும். வலிய ஆணிக்கு மெலிந்த சுரையைப் பூட்டினால் ஆணி முறியுமுன் சுரையின் புரிகள் உரிந்துவிடும். முறிந்த ஆணியை உடனே காணலாம். உரியத் தொடங்கிய புரியோ சுரைக்குள் மறைந்து கிடக்கும். எண்ணே இல்லாத ஆணியை எல்லாவற்றிலும் மெலிந்ததாகவே கொள்ளுதல் நன்று.

இனி, "எண் பெரிதானால் ஆணி சிறந்தது, ஆகவே எப்போதும் பெரிய எண்ணையே வாங்குவோம்" என்று யாரேனும் முடிவு செய்யலாம். நானும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினேன். அது தவறு என்பதற்கு அமெரிக்காவிலே பெருஞ் செலவில் ஒரு சான்று கிடைத்தது.

சான் பிரான்சிஸ்கோ நகரையும் ஓக்லண்ட் நகரையும் இணைக்கும் வளைகுடாப் பாலத்தின் கிழக்குப் பகுதி புதிதாகக் கட்டப்பட்டு வந்தது. நிலநடுக்கத்தின்போது பாலத்தளம் இடம்பெயராதபடி பிடித்து வைக்கும் உறுப்புகளைத் தூணோடு பிணைப்பதற்காக, 3 அங்குலப் பருமனுள்ள 96 நீண்ட உருக்குத் தண்டுகள் அமைக்கப்பட்டிருந்தன. உயர்ந்த வலிமையுள்ள கலப்புருக்கு அது. துருப்பிடியாதிருக்க உருகிய நாகத்தில் தோய்த்தெடுக்கப்பட்டது. 2008 இற் செய்யப்பட்ட அத்தண்டுகள் தூணின் துளைகளுக்குள் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தன. அத்துளைகளில் நீர் தேங்கியிருந்தது. 2013 மார்ச் மாதத்தில் அவற்றை இழுத்து இறுக்கினார்கள். இறுக்கிய சில நாட்களுக்குள் 96 இல் 32 தண்டுகள் முறிந்துபோயின. பாலத்தின்மேல் அப்போது வாகனங்கள் ஓடவில்லை, நிலநடுக்கமும் நிகழவில்லை. தண்டுகளின் வேலையைச் செய்யப் புதிதாக உருக்குச் சேணமொன்றை வடிவமைத்து அவ்வுறுப்புகளைக் கட்டிப்பிடிக்க வேண்டியதாயிற்று.

காரணம் ஐதரசன் என்னும் வாயு. ஐதரசன் அணு மிகச் சிறியது. முலாம் பூசுமுன் உருக்கை அமிலத்தில் துப்புரவு செய்யும்போதும், மின்சாரத்தால் முலாம் பூசும்போதும், பின்னர் ஈரத்தில் உலோகம் அரிக்கப்படும்போதும், அது உருக்கினுள்ளே புகுந்துவிடுகிறது. மென்மையான உருக்கு அதனைப் பொறுத்துக்கொள்ளும். மிகவும் கடினமாக்கப்பட்ட உருக்கு, இழுவையில் இருக்கும்போது, பொறுப்பதில்லை. ஐதரசன் இழுவை மிகுந்த இடத்திற் சென்று திரள, அங்கே நுண்ணிய வெடிப்புத் தோன்றி, மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ வளர்ந்து, கண்ணாடி போல் ஆணி உடைகிறது. இறுக்கிய தொழிலாளி வீடு சென்று உறங்கும் வேளையில் அது நிகழலாம். இலண்டனில் லெடன்ஹோல் என்னும் உயர்ந்த மாளிகையிலும் 2014 இல் பெரிய மரையாணிகள் இவ்வாறே முறிந்து, துண்டு கீழே விழுந்தது. காரணமும் இதுவே என்று கண்டறியப்பட்டது.

ஆகவே, 12.9 ஆணிக்கு நாகமுலாம் பூசுவது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். வெளிவெளியில் மழை நனையும் இடத்துக்கு, முலாம் பூசிய 8.8 ஆணியைச் சற்றுப் பருமனாக எடுத்துக்கொள்வதே என் துணிபு.

கடலோரத்தில் வாழும் நமக்குத் துரு, அதாவது நம் பேச்சு வழக்கிலே கறள், புதிய பகையன்று. கறையில் உருக்கு என்னும் துருப்பிடியா உருக்கை வாங்கினால் போதுமென்பது பொதுவான எண்ணம். அதிலும் வகையுண்டு. தலையில் ஏ2 என்று பொறித்தது, நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்தது. வீட்டுக்குள்ளும் உள்நாட்டிலும் அது நன்று. உப்புக்காற்று வீசும் இடத்தில் அதன் மேனியிற் புள்ளி புள்ளியாய் அரிப்பு விழும். ஏ4 என்பதில் 2 முதல் 3 பங்கு வரை மொலிப்டினமும் சேர்ந்திருப்பதால் உப்பை மேலும் நன்றாக எதிர்க்கும். ஆயினும் வலிமையில் இவை 8.8 க்கு ஈடானவை என்று மயங்கலாகாது. ஏ2-70 ஆணி 450 நியூற்றனிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும், 8.8 ஆணியோ 640 வரை பொறுக்கும்.

துருப்பிடியாதது என்ற பெயரை நம்பி உயிரிழந்தோரும் உளர். சுவிற்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் உள்ளக நீச்சற்குளம் ஒன்றின் கொங்கிறீற்றுக் கூரை, கறையில் உருக்குத் தண்டுகளால் தொங்கவிடப்பட்டிருந்தது. 1985 மே 9 இல் அது இடிந்து வீழ்ந்து 12 பேர் மாண்டனர். குளத்து நீரிற் கலந்த குளோரீனிலிருந்து வந்த குளோரைட்டு, தண்டுகளின்மேற் படிந்து, இழுவையிலிருந்த உருக்கை உள்ளே வெடிக்கச் செய்திருந்தது. வெளியே துருவின் பெருக்கம் இல்லாமையால் எச்சரிக்கையும் கிடைக்கவில்லை.

இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் என்ன நேரும் என்பதைப் பிரித்தானியக் கடற்படை 250 ஆண்டுகளுக்கு முன்பே கற்றது. 1761 இல் அலாம் என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தினார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் பார்த்தபோது, செப்பைத் தொட்ட இரும்பாணிகள் கரைந்து குழைந்து போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த கடதாசி இடையே தங்கியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு பிழைத்திருந்தது. சிறிய ஆணி கரைய, பெரிய தகடு தப்பும்; இதுவே விதி. எனவே ஆணி, தான் பிணைக்கும் தகட்டைவிட எளிதில் அரிபடாத உலோகமாயிருத்தல் வேண்டும். பித்தளை ஆணியைக் கடல்நீரில் இடுவோர் இன்னுமொன்றைக் கவனிக்க: நாகம் மிகுந்த பித்தளையில் நாகம் மட்டும் கரைந்தோட, சிவந்த, துளைபட்ட செம்பு மிஞ்சும். வடிவம் அப்படியே இருக்கும், வலிமை இராது. அங்கே சிலிக்கன் கலந்த வெண்கலம் ஏற்றது.

வெப்பமான இடங்களைப் பற்றிச் சுருங்கக் கூறுகிறேன். நீராவிக் குழாய்களிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலைகளிலும் பி7 என்று பொறித்த குரோமிய மொலிப்டின உருக்குத் தண்டுகளும், அவற்றோடு 2எச் என்ற கனத்த சுரைகளும் வழங்குகின்றன. சாதாரண உருக்கு நெடுநாள் வெப்பத்தில் மெல்ல நீண்டு தன் இறுக்கத்தை இழக்கும். குழாயின் இணைப்பு ஆவியைக் கசியவிடும்.

கடைசியாக ஓர் அனுபவம். கறையில் உருக்கு ஆணியொன்றுக்கு அதே உருக்குச் சுரையை நான் விரைவாகத் திருகியபோது, பாதிவழியில் அது அசையாது நின்றுவிட்டது. பின்னோக்கியும் வரவில்லை. உராய்வினால் இரு புரிகளும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டன. ஈர்வாளால் அறுத்தே எடுத்தேன். மறுமுறை புரியிற் சிறிது மசகு பூசி, சாவியை மெதுவாகச் சுழற்றினேன். சுரை தடையின்றி ஏறியது.