பால் சொரிந்த பசு: கொளஞ்சியப்பர் தலக்கதையும் இடங்காட்டும் விலங்கு என்னும் கதைக்கூறும்

முன்னுரை

கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் இன்று பீங்கான் தொழிலால் அறியப்படும் ஊர். களிமண்ணை அச்சில் வார்த்து உருவம் கொடுக்கும் அவ்வூரை அடுத்த மணவாளநல்லூரில், உருவமில்லாத தெய்வம் ஒன்று வழிபடப்படுகிறது. கொளஞ்சியப்பர் எனப்படும் அத்தெய்வம் முருகனாகக் கருதப்படினும், கருவறையில் இருப்பது பலிபீட வடிவக் கல்லே. அக்கல் தெய்வமென அறியப்பட்டதற்கு மக்கள் கூறும் சான்று ஒரு பசு. அப்பசுவின் கதையை உலக நாட்டார் கதைகளில் காணப்படும் ‘இடங்காட்டும் விலங்கு’ என்னும் கதைக்கூறோடு ஒப்பிட்டு, தமிழ் மரபில் அது பெறும் தனித்தன்மையை இக்கட்டுரை விளக்குகிறது.

தலக்கதை

கொளஞ்சிச் செடிகள் அடர்ந்த காட்டில் மேய்ந்த பசுவொன்று நாள்தோறும் ஓரிடத்தில் நின்று தானே பால் சொரிந்தது. அதனைக் கண்டவர்கள் புதரை விலக்கிப் பார்த்தபோது கற்பீடம் வெளிப்பட்டது. கொளஞ்சிக்கிடையில் கிடைத்தமையால் தெய்வம் கொளஞ்சியப்பர் எனப்பட்டது. கதையின் நடுக்கூறு இவ்வளவே. பசுவுக்குப் பெயரில்லை, முற்பிறப்பில்லை, சாபமோ வரமோ இல்லை.

உலகக் கதைகளில் இடங்காட்டும் விலங்கு

ஸ்டித் தாம்சன் தம் கதைக்கூறு அட்டவணையில் விலங்குகளுக்கென ‘பி’ பிரிவை ஒதுக்கி, விலங்கு நிற்கும் இடத்தைக் கொண்டு இருப்பிடம் தேர்தலை பி155 என எண்ணிட்டுள்ளார். கிரேக்கக் கதையில் காட்மஸ், டெல்பிக் குறிமொழியின்படி பசுவைப் பின்தொடர்ந்து, அது படுத்த இடத்தில் தீப்ஸ் நகரை அமைத்தான். வழிகாட்டிய பசு பின்னர்ப் பலியாகக் குறிக்கப்பட்டது. இங்கிலாந்தின் டர்ஹாம் நகரக் கதையில், புனித கத்பர்ட்டின் உடலைச் சுமந்து வந்த துறவியர் காணாமற்போன பசுவைத் தேடிய பெண்ணைத் தொடர்ந்து சென்று தங்குமிடம் கண்டனர். தமிழகத்தில் பாஞ்சாலங்குறிச்சிக் கதையும் இவ்வகைக்கு அருகில் நிற்பது. அங்கு முயல் வேட்டைநாயை எதிர்த்தது, நிலத்தின் வீரத்துக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

இக்கதைகளில் விலங்கு ஒரு குறி மட்டுமே. அது நின்றதும் அதன் பணி முடிகிறது. கொளஞ்சியப்பர் கதையிலோ பசு நிற்பதோடு அமையவில்லை, வழிபடுகிறது. பூசகர் வருமுன், கோயில் எழுமுன், முதல் திருமுழுக்கைச் செய்தது பசுவே. ஆகவே ‘நிற்றல்’ என்னும் தலைப்பின்கீழ் மட்டும் இக்கதையை அடக்கின் அதன் உயிர்நிலை விடுபட்டுவிடும்.

பசுவும் காமதேனுவும்

பால் சொரியும் பசு தமிழகத் தலபுராணங்களில் பரவலாக வருவது. கருவூர் ஆனிலையில் புற்றுக்குள் இருந்த இலிங்கத்தின்மேல் பால் சொரிந்தது காமதேனு. பேரூரில் காமதேனுவின் கன்றுடைய குளம்பு பட்ட வடு இறைவன் திருமுடியில் உள்ளதாகக் கூறுவர். திருவேங்கடக் கதையில் இடையன் பசுவின்மேல் ஓங்கிய கோடரி, புற்றினின்று எழுந்த இறைவன் தலையில் படுகிறது. இத்தகைய கதைகளில் பாலும் குருதியும் அடுத்தடுத்து வருவதை டேவிட் சுல்மன் 1980இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இவற்றோடு ஒப்பிட இரு வேறுபாடுகள் புலனாகின்றன. முதலாவது, மணவாளநல்லூர்க் கதையின் நடுக்கூறில் குருதி இல்லை. காயமின்றியே தெய்வம் வெளிப்படுகிறது. இரண்டாவது, பசு காமதேனுவாக உயர்த்தப்படவில்லை. இவ்வுயர்வு வெறும் பெயர்மாற்றமன்று. காமதேனு தேவருலகத்தது, இறைவன் இருக்கும் இடத்தை முன்பே அறிந்து, ஒரு நோக்கத்தோடு வருவது. அதன் வழிபாட்டுக்கு ஊராரின் சாட்சியம் வேண்டுவதில்லை; புராணமே சான்று. பெயரற்ற பசுவோ ஒருவருடைய தொழுவத்தைச் சேர்ந்தது. அதன் செயலைக் கண்டு சொல்ல மேய்ப்பவர் வேண்டும்; நம்ப ஊர் வேண்டும். தொன்ம விலங்கு வந்தவுடன் கண்டவரின் இடம் கதையில் சுருங்குகிறது.

இரு கோயில்கள், இரு சான்றுகள்

இவ்வேறுபாட்டை விருத்தாசலத்திலேயே காணலாம். திருமுதுகுன்றமாகிய பழமலைநாதர் கோயிலுக்குத் தேவார மூவர் பாடல்கள் சான்று. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி அதனைக் கற்றளியாக்கினார். பாடலும் கல்வெட்டும் அதன் பெருமையை நிறுவுகின்றன. மணவாளநல்லூர்க் கோயிலின் தோற்றத்துக்குக் கதை காட்டும் சான்று பசுவின் பால் ஒன்றே.

இரு கோயில்களையும் இணைக்கும் கதையொன்றும் வழங்குகிறது. முதுகுன்றத்தைப் பாடாது சென்ற சுந்தரரைக் கொளஞ்சியப்பர் வேடர் வடிவில் வழிமறித்துப் பொருளைப் பறித்து, முதுகுன்றத்துக்கு வரச் செய்தார் என்பது அக்கதை. பெருங்கோயிலின் மரபோடு சிறுகோயில் உறவு கொள்ளும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். எனினும் அவ்வுறவுக்குப் பின்னும் பசு காமதேனுவாக மாறவில்லை என்பது கருதத்தக்கது.

இக்கோயிலின் ‘பிராது கட்டுதல்’ வழக்கமும் இங்கு நினைக்கத்தக்கது. குறையுடையோர் அதனைத் தாளில் எழுதிக் கொளஞ்சியப்பருக்கு முறையிட்டு, அத்தாளை முனியப்பர் சந்நிதியில் கட்டுகின்றனர். குறை தீர்ந்தபின் பிராதைத் திரும்பப் பெறுவதும் உண்டு. எழுதப்படுவது திருடுபோன பொருள், குடும்பப் பூசல், திரும்பாத கடன் போன்ற அன்றாடத் துயர். தொழுவத்துப் பசுவே முதலில் கண்டுகொண்ட தெய்வம், எளியோர் நேரே முறையிடத்தக்க தெய்வமாக நிலைபெற்றது எனக் கொள்ள இடமுண்டு. தோற்றக்கதையும் வழிபாட்டு முறையும் ஒரே பண்பைச் சுட்டுகின்றன.

முடிவுரை

தலக்கதைகளைத் தொகுப்போர் பால் சொரியும் பசு வருமிடமெல்லாம் ‘காமதேனு வழிபட்ட தலம்’ என ஒரே தலைப்பில் அடக்கின், ஊர்ப்பசுவின் கதை தேவருலகப் பசுவின் கதைக்குள் கரைந்துபோகும். அதனோடு கண்டு சொன்னவரின் சாட்சியமும் மறையும். எனவே தமிழ்க் கதைக்கூறு அட்டவணையில் இவ்விரண்டும் தனித்தனியே எண்ணிடப்பட வேண்டும். பசுவுக்குப் பெயர் உண்டா, குருதி வருகிறதா, கண்டவர் யார் என்னும் மூன்று வினாக்களைக் கள ஆய்வில் தவறாது கேட்டுப் பதிவு செய்தல் அதற்கு முதற்படியாகும்.