இடைக்காலப் பிரான்சின் நாணயங்களும் அரச அதிகாரமும்

இடைக்காலப் பிரான்சில் நாணயம் பொருள் வாங்கும் கருவியாக மட்டும் இருக்கவில்லை. அரசரின் ஆணை எதுவரை செல்லும் என்பதையும் அது காட்டியது. காசில் தம் பெயரைப் பொறிக்கும் உரிமையை அரசர்கள் அரிதின் முயன்று மீட்டனர். ஆனால் அக்காசின் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கையைக் காப்பது அதைவிடக் கடினமாக இருந்தது.

உரிமை சிதறிய காலம்

பேரரசர் சார்லமேன் 793-794 அளவில் 'தெனியே' எனும் வெள்ளிக்காசைச் சீர்திருத்தினார். ஒரு பவுண்டு எடை வெள்ளியில் 240 தெனியேக்கள் அச்சிடப்பட்டன. 12 தெனியே ஒரு 'சூ', 20 சூ ஒரு 'லீவர்' என்பது கணக்கு. பேரரசு சிதைந்தபின், 10ஆம் நூற்றாண்டில் பிரபுக்களும் ஆயர்களும் தத்தம் காசுகளை வெளியிட்டனர். காசு அச்சிடுவோர் பலருள் அரசரும் ஒருவரானார்.

உரிமை மீட்பு

இரண்டாம் பிலிப் (1180-1223) தூரேன் பகுதியைக் கைப்பற்றியபின், தூர் நகரக் காசை அரச நாணயமாக்கினார். அவருடைய பேரன் ஒன்பதாம் லூயி 1260களில் ஒரு விதி வகுத்தார். அதன்படி பிரபுக்களின் காசு அவரவர் நிலத்தில் மட்டும் செல்லும். அரசரின் காசு நாடெங்கும் செல்லும். 1266இல் அவர் 12 தெனியே மதிப்புள்ள 'குரோ' எனும் பெரிய வெள்ளிக்காசை வெளியிட்டார். அதன் ஒரு பக்கத்தில் சிலுவையும் அரசரின் பெயரும், மறுபக்கத்தில் கோட்டை போன்ற சின்னமும் இருந்தன.

நம்பிக்கையின் சரிவு

நான்காம் பிலிப் போர்ச்செலவுக்காக 1295 முதல் காசில் வெள்ளியின் அளவைக் குறைத்தார். பெயரளவு மதிப்பு மாறாததால், மிச்சமான வெள்ளி கருவூலத்துக்கு ஆதாயமாயிற்று. 1306இல் அவர் பழைய தரத்துக்குத் திரும்பியபோது புதிய சிக்கல் எழுந்தது. வாடகைத் தொகை மாறவில்லை. அதைச் செலுத்த முன்பைவிட ஏறத்தாழ மும்மடங்கு வெள்ளி தேவைப்பட்டது. பாரிசில் கலகம் வெடித்தது. அரசர் கோயில் வீரர்களின் கோட்டையில் தஞ்சம் புகுந்தார்.

14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிக்கோல் ஒரேம் எனும் அறிஞர், நாணயம் அரசரின் உடைமையன்று, சமூகத்தின் உடைமை என வாதிட்டார்.

பிராங்கின் பிறப்பு

1356இல் புவாத்தியே போரில் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். அவரை விடுவிக்க 30 லட்சம் பொற்காசுகள் மீட்புத்தொகையாகக் கேட்கப்பட்டன. 1360இல் நாடு திரும்பிய அவர், ஒரு லீவர் மதிப்புள்ள 'பிராங்க்' எனும் பொற்காசை வெளியிட்டார். சிறையிலிருந்து மீண்ட அரசர் அதில் வாளேந்திக் குதிரைமீது விரைந்து வருகிறார். பல ஆண்டுகள் தரம் தாழ்ந்த காசால் அவதியுற்ற மக்களுக்கு, இனி நிலையான நாணயம் கிடைக்கும் என்ற உறுதியையும் அக்காசு தர முயன்றது.