சித்திரையில் பாறை, ஐப்பசியில் களி

கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை வட்டாரக் கரிசல் ஊர்களில் பல வீடுகளில் ஒரு கதவாவது முரண்டு பிடிக்கும். மழைக்காலத்தில் சாத்த முடியாது. கோடை வந்ததும் தானாகச் சரியாகிவிடும். மரம் ஈரத்தில் ஊதிவிட்டது என்று ஆசாரியை அழைத்து இழைக்கச் சொல்வார்கள். நிலையின் மேல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசலும் ஏறியிருந்தால், ஆசாரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அங்கே ஊதியிருப்பது வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்.

பருத்திக்குக் கரிசலைப் போல மண் கிடையாது. ஈரத்தை அவ்வளவு நாள் பிடித்து வைத்திருக்கும். அந்தக் குணம்தான் கட்டடத்துக்கு வினையாகிறது. கரிசலில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் நிறைய உண்டு. தாள்களை அடுக்கியது போன்ற அமைப்பு அதற்கு. தண்ணீர் அந்தத் தாள்களுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது, மண் உப்புகிறது. காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கிறது.

உப்பும் கரிசல் மேல்நோக்கித் தள்ளும் விசை, ஒரு சதுர மீட்டருக்கு 20 டன்னைத் தாண்டுவதும் உண்டு. சாதாரண ஒற்றைத்தள வீட்டின் கடைக்கால் மண்மேல் இறக்கும் சுமை பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது. எனவே மண் வீட்டைத் தூக்கிவிடுகிறது. வீடு முழுவதும் ஒரே சீராக எழுந்து தாழ்ந்தால்கூடப் பாதகமில்லை. மழைநீர் முதலில் வெளிச்சுவர் ஓரங்களில் இறங்குகிறது; நடுவீட்டு மண் அப்போதும் காய்ந்தே கிடக்கிறது. ஓரம் எழ, நடு அப்படியே நிற்க, சுவர் கிழிகிறது.

இந்த மண்ணைச் சோதிக்கும்போதுதான் பொறியாளரின் அனுபவம் தேவைப்படுகிறது. மண்ணின் உறுதியை அறிய வழக்கமாக ஒரு சோதனை செய்வார்கள். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழவிட்டு, ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்குவார்கள். முதல் 15 சென்டிமீட்டரை விட்டுவிட்டு, அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி பிடித்தது என்பதுதான் கணக்கு. அடி கூடினால் மண் உறுதி. சித்திரை வெயிலில் இந்தச் சோதனையைச் செய்தால் கரிசல் பாறை மாதிரி நிற்கும். எண்ணும் அள்ளித் தரும். ஐப்பசி அடைமழைக்குப் பிறகு அதே இடத்தில் அடித்தால் அந்த எண் சரிந்துவிடும். முதல் எண் பொய்யில்லை. அது வறட்சி தந்த உறுதி, அவ்வளவுதான். எண்ணை வாசிக்கும்போது மாதத்தையும் சேர்த்து வாசிக்கத் தெரிய வேண்டும்.

மண்ணின் உறுதியைவிட, அது எவ்வளவு உப்பும் என்பதுதான் இங்கே கேள்வி. அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. மண்ணை உலர்த்தி, நுண்ணிய சல்லடையில் சலித்து, பத்துப் பத்துக் கிராமாக இரண்டு கண்ணாடி அளவுக் குழாய்களில் இடுவார்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் மண் அடங்கிப் படிந்திருக்கும். தண்ணீரில் பொங்கி நிற்கும். அங்கே 10 மில்லி, இங்கே 20 மில்லி என்றால் உப்பல் 100 சதவீதம். இந்தியத் தர நிர்ணயப்படி 50-க்குக் கீழே என்றால் அச்சம் குறைவு. 100-ஐத் தாண்டினால் கடுமையான மண்.

அப்படிப்பட்ட இடத்தில் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு ஆற்று மணலை நிரப்பினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. சுற்றிலும் களி இருக்க, நடுவில் மணல் என்பது தண்ணீர் வந்து தேங்கும் தொட்டி. உப்பாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள சரளைச் செம்மண்ணை நன்றாகத் திமிசு போட்டு இறுக்கினால் கட்டுப்படும் என்று மும்பை ஐஐடி பேராசிரியர் ஆர். கே. கட்டியின் ஆய்வுகள் காட்டின.

ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வேறொரு வழியை வளர்த்தெடுத்தது. ஆழமான கரிசலில் குறைந்தது மூன்றரை மீட்டருக்குத் துளையிட்டு, அடியில் குமிழ் போல அகலப்படுத்திக் கான்கிரீட் இடுவது. அந்த ஆழத்தில் வருடம் முழுவதும் ஈரம் அதிகம் மாறுவதில்லை. துளையைப் போல இரண்டரை மடங்கு அகலமான குமிழ், மேல்மண் தூக்கினாலும் நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும். தூண்களை இணைக்கும் பீமுக்குக் கீழே எட்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுவார்கள். மண் உப்பட்டும், பீமைத் தொடாமல் உப்பட்டும் என்பதற்காக.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ஈரத்தைச் சீராக வைத்தால் போதும், பாதித் தொல்லை குறையும். வீட்டைச் சுற்றி வெளிப்பக்கம் சரிவாகச் சிமெண்ட் தளம் போடுங்கள். மாடித் தண்ணீரைக் கடைக்கால் ஓரத்தில் விழவிடாதீர்கள். குளியலறைக் கசிவைத் தள்ளிப்போடாதீர்கள். மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் பெரிய மரங்களைச் சுவரை ஒட்டி வளர்க்காதீர்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு வருடம் கவனித்துவிட்டுப் பூசுங்கள். மண் காய்ந்து விரிசல் வாய் பிளந்திருக்கும்போது சிமெண்ட் அடைத்தால், மழைக்கு மூட இடமில்லாமல் சுவர் பக்கத்தில் புதிதாக வெடிக்கும்.

இனிமேல் கட்டப்போகிறவர்கள், தரைக்கு டைல்ஸ் பார்க்கக் கிளம்பும் முன் பொறியாளரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். மண்ணை எந்த மாதத்தில் எடுத்தீர்கள்? தண்ணீரில் எவ்வளவு உப்பியது, மண்ணெண்ணெயில் எவ்வளவு நின்றது? பதில் வராவிட்டால் வானம் தோண்ட நாள் குறிக்காதீர்கள்.