இந்தூரில் கிட்டிய கோப்பை

ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தின் முதல் ஆட்டம் 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னை அணி மைசூரை ஒரே நாளில் வென்றது. ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்துணை நல்ல தொடக்கம் வாய்த்தும், கோப்பை கைக்கு வர இருபது ஆண்டுகள் சென்றன.

1954-55ஆம் ஆண்டு இறுதியாட்டம் இந்தூரில் நடைபெற்றது. எதிர்த்து நின்றது, அதற்கு முன் நான்கு முறை கோப்பையை வென்றிருந்த ஹோல்கார் அணி, ஆடுகளமும் அவர்களுடையதே. முதல் இன்னிங்ஸில் சென்னை 478 ஓட்டங்கள் எடுத்தது, ஹோல்கார் 417. 61 ஓட்ட முன்னிலை பெரிதன்று என்றே பார்த்தவர் எண்ணியிருப்பர். ஆனால் கிரிக்கெட்டில் முதலில் சேர்த்த பொருள் வீணாவதில்லை. இரண்டாம் இன்னிங்ஸில் எடுத்த 311உடன் அது கூடவே, ஹோல்கார் வெல்ல 373 வேண்டியதாயிற்று. அவர்களோ அஞ்சாமல் ஆடி 326 வரை வந்துவிட்டனர்! சென்னை வென்றது 46 ஓட்டங்களில். அந்த 61 இல்லையேல் கோப்பை இந்தூரிலேயே தங்கியிருக்கும்.

ராம்சிங்கின் மைந்தர் கிருபால் சிங் அவ்வாட்டத்தில் 75, 91 ஓட்டங்கள் எடுத்தார். ஹோல்கார் சமஸ்தானம் 1948லேயே மத்திய பாரதத்தோடு இணைந்துவிட்டது. அப்பெயர் தாங்கிய அணி ரஞ்சிப் பந்தயத்தில் ஆடிய கடைசி ஆட்டமும் இதுவே.